தலைக்கவசத்தின் வயது

இரண்டாம் உலகப் போரின் காட்சிகளை மைதானத்தில் மறுபடி நிகழ்த்திக் காட்டும் ஆர்வலர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அமெரிக்கச் சிப்பாயாக நிற்க எம்-1 எஃகுத் தலைக்கவசம் வேண்டும். 1941-இல் வந்த இது, போர் முடிந்த பிறகும் பல பத்தாண்டுகள் படையில் இருந்தது. அதனால் பிற்காலத்துக் கவசமே சுலபமாகக் கிடைக்கிறது. அதைப் போர்க்காலத்துக்கு ஏற்றபடி மாற்றுவது நுணுக்கமான கைவேலை.

முதலில் பழைய பெயின்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதில் சொரசொரப்புக்கு மணல் கலந்திருக்கும்; போர்க்காலத்தில் கலந்ததோ தக்கைத் தூள். அடர்ந்த ஆலிவ் பச்சை அடித்து, அது காய்வதற்குள் தக்கைத் தூளைத் தூவி, மேலே இன்னொரு பூச்சு கொடுத்தால் வெயிலில் பளபளக்காத அந்தப் பரப்பு வந்துவிடும். பிற்காலத்துத் தாடை வார் கொக்கியால் மாட்டுவது. அதைக் கழற்றிவிட்டு, காக்கி வாரைப் பக்கவாட்டு வளையத்தில் கோத்துத் தைத்துவிட வேண்டும்.

கவசத்தின் விளிம்பைச் சுற்றிய பட்டையின் முனைகள் சேரும் மூட்டுதான் சிக்கல். தொடக்கத்தில் அது நெற்றிப் பக்கம் இருந்தது. 1944 இறுதியில்தான் பின்பக்கம் போனது. பின்மூட்டுக் கவசத்தோடு 1944 ஜூன் மாத நார்மண்டி தரையிறக்கத்தில் நிற்பது பொருந்தாது. மூட்டை அரத்தால் தேய்த்து மறைப்பதைவிட, 1945 ஏப்ரல் மாத ஜெர்மனிக் காட்சியைத் தேர்ந்துகொள்வதே நேர்மை.

சுரண்டத் தொடங்கும் முன் நன்றாகப் பாருங்கள். உள்ளே ஒரு சிப்பாயின் பெயரோ, வெளியே படைப்பிரிவின் சின்னமோ தெரிந்தால் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். வேறு கவசம் தேடிக்கொள்ளலாம்.