ஓடுபாதைக்கு அப்பால் ஓர் அன்றில்

சென்ற ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவில் வசிக்கும் மகளைக் காணச் சென்றேன். நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்காக ஏழு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. குடிவரவுச் சோதனை முடிந்து, பெட்டிகளை இணைப்பு விமானத்துக்கு ஒப்படைத்த பின் கையில் மிஞ்சியவை ஒரு தோள்பையும் பழைய தொலைநோக்கியும் மட்டுமே. விமான நிலைய ரயிலில் ஹோவர்ட் பீச் வரை சென்று, அங்கிருந்து நகர ரயிலில் அடுத்த நிறுத்தமான பிராட் சேனலில் இறங்கினேன். இருபது நிமிட நடையில் ஜமைக்கா விரிகுடா வன உயிரினப் புகலிடத்தை அடைந்துவிட்டேன்.

மேற்குக் குளத்தைச் சுற்றிச் செல்லும் பாதையில் நடந்தால் ஒருபுறம் மன்ஹாட்டனின் வானுயர்ந்த கட்டடங்கள். மறுபுறம் சில நிமிடங்களுக்கு ஒன்றாக எழும் விமானங்கள். இடையே சதுப்புப் புல்லும் உப்புநீரும். கம்பத்தின் மேல் அமைத்த மேடையில் விராலடிப்பான் ஒன்று மீனைக் கிழித்துக்கொண்டிருந்தது. சேற்றில் உள்ளான்கள் கூட்டமாக இரை தேடின. இருபத்தைந்து கிராம் எடையுள்ள இச்சிறு பறவைகள் ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டுத் தென் அமெரிக்கா செல்லும் வழியில் இங்கே தங்குகின்றன. என்னைப் போலவே அவையும் இடைத்தங்கல் பயணிகள்தாம். குளக்கரையில் வளைந்த அலகும் செம்பழுப்பு உடலுமாக நின்ற பறவையைக் கண்டதும் வியந்தேன். வேடந்தாங்கலில் நான் பலமுறை பார்த்த அதே அன்றில்!

இந்த விரிகுடா தப்பிப் பிழைத்த கதை பொருளாதாரம் பயின்றோர் அறிய வேண்டிய ஒன்று. 1948-இல் திறக்கப்பட்ட இவ்விமான நிலையமே, விரிகுடாவைத் தோண்டி எடுத்த மணலால் சதுப்பு நிலத்தை மேடாக்கிக் கட்டப்பட்டதாகும். 1950-களின் தொடக்கத்தில் நகரப் பூங்காத் துறை இங்கு இரண்டு நன்னீர்க் குளங்களை அமைத்தது. முதல் கண்காணிப்பாளரான ஹெர்பர்ட் ஜான்சன், பறவைகளுக்கு உணவும் மறைவிடமும் தரும் செடிகளை நட்டு வளர்த்தார். இன்று 300-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்குப் பதிவாகியுள்ளன.

1960-களில் நியூயார்க்கின் வான்வெளி நெரிசலால் திணறியது. ஓடுபாதைகளை விரிகுடாவுக்குள் நீட்டுவதே தீர்வு என்று கருதப்பட்டது. அதை ஆராயும் பணி தேசிய அறிவியல் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. விரிகுடாவுக்குள் ஓடுபாதை கூடாது என்று 1971-இல் வெளிவந்த அறிக்கை கூறியது. மறு ஆண்டே இப்பகுதி தேசியப் பொழுதுபோக்குப் பகுதியில் சேர்க்கப்பட்டது. ஓடுபாதை நீளவில்லை, விமான நிலையமும் முடங்கிவிடவில்லை.

இங்கே என் குறை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1968-இல் நியூயார்க் விமான நிலையங்களில் உச்ச நேரத்தில் இறங்கும் சிறு விமானங்களுக்கான கட்டணம் 5 டாலரிலிருந்து 25 டாலராக உயர்த்தப்பட்டது. உடனே அத்தகைய விமானங்கள் கணிசமாகக் குறைந்தன. ஒரு சில பயணிகளை ஏற்றிவந்த சிறு விமானம், நூறு பேர் அமர்ந்த பெரிய விமானத்தைக் காக்கவைத்ததற்கு அதுவரை உரிய விலை தரவில்லை என்பதே அதன் பொருள். நெரிசலுக்கு விலை வைத்தால் தேவை மாறும் என்பதற்குச் சான்றாக இதைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிக் கற்பித்திருக்கிறேன். ஆனால், அந்த ஓடுபாதை முடியும் இடத்தில் என்ன இருக்கிறது என்று நானும் சொன்னதில்லை, மாணவர்களும் கேட்டதில்லை. ஓடுபாதைக்கு ஆகும் செலவில் சிமெண்டும் கூலியும் இருந்தன. உள்ளானின் இரைக்களத்துக்கும், புயலின்போது அலையின் வேகத்தைத் தணிக்கும் சதுப்புக்கும் அந்தக் கணக்கில் இடமே இல்லை. சந்தையில் விலை இல்லாத ஒன்றுக்குப் பூஜ்யம் என்று எழுதுவது நடுநிலை அன்று. அதுவும் ஒரு மதிப்பீடே, தவறான மதிப்பீடு.

விமானமும் பறவையும் அருகருகே இருப்பதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1975-இல் இதே நிலையத்தில் ஓடத் தொடங்கிய டிசி-10 விமானத்தின் என்ஜினுக்குள் கடற்காகங்கள் புகுந்ததால் விமானம் தீப்பிடித்து அழிந்தது. அதிலிருந்த 139 பேரும் உயிர் தப்பியது நற்பேறு. பின்னாளில் ஓடுபாதையருகே பறந்த கடற்காகங்களைச் சுட்டுக் கொன்றதும் உண்டு. பறவையைக் காப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. அதையும் கணக்கில் எழுத வேண்டும் என்பதுதான் நேர்மை. இரு பக்கமும் எழுதப்பட்ட பிறகே கூட்டிக் கழிக்க வேண்டும்.

நம் ஊரிலும் இந்தக் கேள்வி உயிரோடு இருக்கிறது. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்காகப் பரந்தூர் 2022-இல் அறிவிக்கப்பட்டது. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அதற்குத் தேவை என்றார்கள். ஏகனாபுரம் மக்கள் போராடினர். பெருகும் பயணிகளுக்கு இடம் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், நியூயார்க் தரும் பாடம் ஒரு வரிசைமுறை. இருக்கும் ஓடுபாதையின் நெரிசலுக்கு உரிய விலை வைத்துப் பார்த்தோமா? ஏரி தேக்கும் வெள்ளத்துக்கும், ஊறும் நிலத்தடி நீருக்கும், விளையும் நெல்லுக்கும் மதிப்பு எழுதினோமா? சார்பற்ற அறிஞர் குழுவின் முடிவை ஏற்க ஆயத்தமாக இருக்கிறோமா? இக்கேள்விகளுக்கு விடை கண்ட பின் எடுக்கும் முடிவு எதுவாயினும் அதில் நியாயம் இருக்கும்.

மாலை என் விமானம் மேலெழுந்தபோது சன்னலோரம் அமர்ந்து கீழே பார்த்தேன். ஓடுபாதை முடிந்தது, அதன் விளிம்பிலிருந்தே விரிகுடா தொடங்கியது. அன்றிலைக் காணும் உயரத்தில் நான் இல்லை. ஆயினும் அது அங்கே இருக்கிறது என்பது தெரிந்திருந்தது. அந்தக் கரும்பலகைக் கணக்கை மீண்டும் எழுத வாய்த்தால், அதில் ஒரு வரியை நிச்சயம் கூட்டி எழுதுவேன்.