சிவப்புக் கீரைக்குள்ள பச்சை எங்கே?

சந்தையில சிவப்புத் தண்டுக்கீரை பார்த்திருப்பீங்க. இலை முழுக்கச் சிவப்பு. அப்போ அதுல பச்சையம் இல்லையா? இல்லைன்னா ஒளிச்சேர்க்கை எப்படி நடக்குது? பள்ளியில ரெக்கார்டு நோட்டுக்காகச் செஞ்சு மறந்த ஒரு சோதனை இதுக்குப் பதில் சொல்லும்: தாள் குரோமட்டோகிராஃபி.

இலையைக் கொஞ்சம் அசிட்டோன் விட்டு அரைச்சு வடிகட்டுங்க. வடிதாள் பட்டையின் அடியிலிருந்து 2 செ.மீ. மேலே ஒரு கோடு போட்டு, அதுமேல சாற்றைச் சின்னப் புள்ளியா வைக்கணும். ஒரு தடவை போதாது. காயவெச்சுக் காயவெச்சு பத்துத் தடவையாவது வைங்க. கோடு பென்சில்லதான் போடணும். நான் பேனாவுல போட்டு, மேலே ஏறின நீல மையைப் பார்த்து ‘புது நிறமி’ன்னு குதிச்சவன்!

இப்போ 9 பங்கு பெட்ரோலியம் ஈதரும் 1 பங்கு அசிட்டோனும் கலந்த ஜாடிக்குள்ள, பட்டையின் நுனி மட்டும் நனையுற மாதிரி தொங்கவிட்டு மூடுங்க. புள்ளி மூழ்கினா கதை முடிஞ்சது. ரெண்டு திரவமும் சட்டுன்னு தீப்பிடிக்கும், அதனால ஹாஸ்டல் ரூம்ல இந்த விளையாட்டு வேண்டாம்.

திரவம் ஏற ஏற நிறங்கள் பிரியும். முனைவுத்தன்மை இல்லாத கரோட்டினைத் தாள் பிடிச்சு வைக்காது. அது ஆரஞ்சு மஞ்சளா உச்சிக்கு ஓடிடும். ஆக்சிஜன் உள்ள சாந்தோஃபில் மஞ்சளா அதுக்குக் கீழே நிற்கும். நீலம் கலந்த பச்சை குளோரோஃபில் ஏ. மஞ்சள் கலந்த பச்சை குளோரோஃபில் பி, எல்லாத்துக்கும் கீழே. ஏ-வில் மெத்தில் தொகுதி இருக்கிற ஒரே ஒரு இடத்துல பி-யில் ஆல்டிஹைடு இருக்கு. அந்த ஒரு மாற்றத்தையே வெறும் தாள் கண்டுபிடிச்சுடுது! நிறமி போன தூரத்தைத் திரவம் போன தூரத்தால் வகுத்தா ஆர்.எஃப். மதிப்பு, நிறம் கண்ணை ஏமாத்தினாலும் அதை வெச்சு ஒப்பிடலாம்.

கீரையோட சிவப்பு? அது பீட்டாசயனின், தண்ணீரில் கரையுற வகை. இந்தத் திரவத்தோட வராம கோட்டிலேயே உட்கார்ந்துடும். அதுக்கு மேலே பச்சைப் பட்டைகள் தெளிவா நிற்கும். சிவப்பு வெறும் போர்வைதான்.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் ரஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெட். 1900களின் தொடக்கத்துல, கால்சியம் கார்பனேட் நிரப்பின கண்ணாடிக் குழாயில இலைச்சாற்றை ஊத்திப் பிரிச்சார். அவரோட பெயருக்கே ரஷ்ய மொழியில ‘நிறம்’னு அர்த்தம்! ஆனா வேதியியலாளர்கள் நம்பலை. குழாய்க்குள்ளேயே பச்சையம் மாறிடும்னு சந்தேகப்பட்டாங்க. தாவர நிறமி ஆய்வுக்காக 1915-ல் நோபல் வாங்கினவர் வில்ஸ்டேட்டர். ஸ்வெட் 1919-ல் இறந்துட்டார். 1931-ல் ஹைடல்பர்க்ல ரிச்சர்ட் கூனின் ஆய்வகம்தான் அந்த முறையைத் தூசு தட்டி எடுத்தது. அந்தக் கூன், வில்ஸ்டேட்டரோட மாணவர்!

அந்தச் சந்தேகம் முழுக்கத் தப்புன்னும் சொல்ல முடியாது. உங்க பட்டையில கரோட்டினுக்குக் கீழே ஒரு சாம்பல் பட்டை வந்தா, அது ஃபியோஃபைட்டின். இலையிலுள்ள அமிலம் பச்சையத்தின் நடுவிலிருக்கும் மெக்னீசியத்தை வெளியேத்திடுச்சுன்னு அர்த்தம். புளி போட்டுக் கொதிக்கவெச்ச கீரை பழுப்பாகுறதும் இதனாலதான். அடுத்த தடவை அரைக்கும்போது ஒரு சிட்டிகை கால்சியம் கார்பனேட் சேர்த்துக்கோங்க.