பழைய ஏடுகளுக்கு எந்தக் கணினி வாங்கலாம்?

தோட்டத் துண்டாடலுக்குப் பின் மலாக்காவில் பட்டணத்துக்கு வந்த குடும்பங்களிடம் தமிழ்ப்பள்ளிப் படங்களும் ஆலயக் கணக்கேடுகளும் இன்னும் கிடக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்யப் பிள்ளைகள் இருக்கிறார்கள். செய்ததை எங்கே வைப்பது?

1981 ஜூன் முதல் தேதி இரவு யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன. விலையுயர்ந்த ஒரே செர்வரில் எல்லாவற்றையும் வைப்பதும் அதே ஆபத்துதான்.

சில நூறு படங்கள் மட்டும் என்றால் இரண்டு வன்தட்டுகளை இரண்டு வீடுகளில் வைத்தால் போதும். மாநிலம் முழுவதற்கும் சேர்ப்பதென்றால் பல கணினிகளை ஒரே சேமிப்பகமாக இணைக்கலாம். ‘செஃப்’ என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் மூன்று கணினிகளில் எழுதி வைக்கும்.

மூன்று படிக்கு மூன்று கணினி போதுமே என்பீர்கள். ஒன்று பழுதானால் மூன்றாம் படியை எழுத இடமிருக்காது. நான்கு வாங்குங்கள், எஞ்சிய மூன்றும் தாமாகவே குறையைச் சரிசெய்துகொள்ளும். ஒவ்வொன்றிலும் 4 டெராபைட் வன்தட்டு நான்கு என்றால் மொத்தம் 64 டெராபைட். கையில் நிற்பதோ 16 தான்! ஒரு கணினியின் இடத்தை ஒதுக்கிவிட்டு, மீதி 48-ஐ மூன்றால் வகுக்க வேண்டும். கடைக்காரர் இந்தக் கணக்கைச் சொல்லமாட்டார்.

வேகமான பிராசசருக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். பிழை திருத்தும் இசிசி நினைவகம் வேண்டும். வன்தட்டு ஒன்றுக்கு 4 கிகாபைட்டுக்குக் குறையாமல் கணக்கிடுங்கள். தட்டுகளை ஒன்றாக்கும் ரெய்ட் அட்டை வேண்டாம். மென்பொருள் ஒவ்வொரு தட்டையும் நேராகப் பார்க்க வேண்டும். ‘எஸ்எம்ஆர்’ வகைத் தட்டு மலிவுதான், ஆனால் மறுபடி எழுதும்போது இழுத்தடிக்கும். பலரும் மறப்பது வலையமைப்பு. 1 கிகாபிட் கம்பியில் 4 டெராபைட்டை நகர்த்த ஒன்பது மணி நேரமாவது ஆகும். அதற்குள் இன்னொன்றும் பழுதானால்? அதனால் 10 கிகாபிட் நல்லது.

நான்கும் ஒரே அறையில்தான் இருக்கும். வெள்ளம் வந்தால் நான்கும் நனையும். யாராவது தவறுதலாக ஒரு கோப்பை அழித்தாலும் மூன்று படிகளும் சேர்ந்தே போகும். ஆகவே அறை மலாக்கா நகரில் என்றால், தனி வன்தட்டில் மாதம் ஒரு நகல் எடுத்து ஜாசினிலோ அலோர் காஜாவிலோ வையுங்கள். அதைக் கணினியோடு இணைத்தே வைக்காதீர்கள்.