பெட்டியை மாற்றும் முன் ஒரு நிமிஷம்!

"அம்மா, நெட் போச்சு!"

இந்தக் குரல் கேட்காத வீடு இன்று உண்டா? அடுப்பில் குழம்பு கொதிக்கும். கூடத்தில் பெரியவள் பாடம் கேட்டுக்கொண்டிருப்பாள். உள் அறையில் அவர் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பார். திடீரென்று எல்லாம் நின்றுவிடும். மூன்று பக்கமும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். நாமும் கையைத் துடைத்துக்கொண்டு போய், மோடம் என்று நாம் சொல்லும் அந்தப் பெட்டியை அணைத்து, சற்றுப் பொறுத்து மறுபடி போடுவோம். பாதி வியாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

தீராதபோதுதான், "கம்பெனிக்காரன் கொடுத்த பெட்டியே மட்டம். நாமே நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம்" என்று தோன்றுகிறது. தோன்றுவதில் தப்பே இல்லை. ஆனால் அவசரப்பட்டு மாற்றினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் படாமலே தெரிந்துகொள்ளலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

போன வருஷம் கம்பெனிப் பெட்டியை அடியோடு எடுத்துவிட்டு, கடையில் பார்த்துப் பார்த்து வாங்கிய புதியதை வைத்தோம். லைன்மேன் வந்தார். புதுப் பெட்டியின் நம்பரைக் கம்பெனியில் பதிவு செய்தார். நெட் வேகமாகத்தான் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

மூன்றாம் நாள் காலை நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். வீட்டில் மாமியார் மட்டும். சர்க்கரை வியாதிக்காரர். திடீரென்று உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கியிருக்கிறது. என்னைக் கூப்பிடலாம் என்று லாண்ட்லைன் போனை எடுத்தால், சத்தமே இல்லை! செல்போன் அவருக்குப் பழக்கமில்லை. நல்ல வேளை, சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை வந்துவிட்டார். எதிர்வீட்டு மாமி பார்த்துவிட்டு ஓடி வந்து, சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்.

விஷயம் இதுதான். பழைய பெட்டியின் முதுகில் போன் ஒயரைச் சொருக ஒரு சின்ன இடம் இருந்தது. புதுப் பெட்டியில் அது இல்லை. போன் ஒயர் சுருட்டி ஓரமாகக் கிடந்தது. மூன்று நாளாக ஒருவரும் கவனிக்கவில்லை.

"உங்க வேகமெல்லாம் சரிதாம்மா. என் போனை எதுக்கு ஊமையாக்கினீங்க?" என்று மாமியார் கேட்டபோது, நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பெட்டி ஒன்று, வேலை இரண்டு

இன்று பல வீடுகளுக்கு நெட் வருவது ஃபைபர் எனும் கண்ணாடி இழை வழியாக. அதில் வருவது மின்சாரம் அல்ல, ஒளி. அந்த ஒளியை நம் கருவிகளுக்குப் புரியும்படி மாற்றுவது ஒரு வேலை. அதைச் செய்வது ஓ.என்.டி. என்ற பகுதி. அதை வீடு முழுக்க வைஃபையாகப் பரிமாறுவது இன்னொரு வேலை. அது ரூட்டருடையது. பெரும்பாலான கம்பெனிகள் இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துத் தருகின்றன. லாண்ட்லைன் போனும் அதன் வழியாகத்தான் பேசுகிறது.

சமைப்பவளும் பரிமாறுபவளும் ஒருத்தியே என்று வைத்துக்கொள்ளுங்கள். குறை பரிமாறுவதில்தான் என்றால், சமைப்பவளையும் சேர்த்து வீட்டைவிட்டு அனுப்புவானேன்? கம்பெனிப் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பரிமாறும் வேலைக்கு மட்டும் புது ரூட்டரை வையுங்கள். போனுக்கும் ஆபத்தில்லை, நாளைக்கு லைனில் கோளாறு என்றால், "நீங்க வாங்கின பெட்டிதான் காரணம்" என்று கம்பெனியும் கையை விரிக்க முடியாது.

முதலில் வியாதி எங்கே என்று பாருங்கள்

வீட்டில் லாப்டாப் இருந்தால், அதை லேன் ஒயரால் நேராகக் கம்பெனிப் பெட்டியில் சொருகி வேகத்தைப் பாருங்கள். நீங்கள் பணம் கட்டும் வேகம் கிட்டத்தட்ட வருகிறதா? அப்படியானால் லைன் நல்லது, குறை வைஃபையில். ஒயரிலேயே வரவில்லையென்றால் கம்பெனிக்குப் புகார் செய்யுங்கள். லைனே சரியில்லாதபோது, எவ்வளவு விலை உயர்ந்த ரூட்டரும் உதவாது. ஒரு விஷயம்: சில பழைய பெட்டிகளின் லேன் துளை 100 மெகாபிட்டுக்கு மேல் தராது. அதற்கு மேல் பிளான் போட்டிருப்பவர்கள், 'கிகாபிட்' துளை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, பெட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். டி.வி.க்குப் பின்னால், இரும்பு பீரோ மேல், ஃபிரிட்ஜ் ஓரம் என்று வைத்திருந்தால் அலை எப்படி வெளியே வரும்? வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு வகை அலைகளில் ஓடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டித் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4-ஐ ஒட்டிய அலையில்தான் வேலை செய்கிறது. பால் சுட வைக்கும்போதெல்லாம் நெட் தடுமாறினால் காரணம் அதுதான்! வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்துக்குத் திறந்தாற்போல் வைத்தாலே பல வீடுகளில் குறை தீர்ந்துவிடும். காசு செலவில்லை. ஆனால் ஃபைபர் ஒயரை நீங்களே மடக்கி இழுக்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி. லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் குறை இருந்தாலோ, பெட்டியில் 2.4 அலை மட்டும் இருந்தாலோ, வீட்டில் போன், டி.வி., கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து அது திணறினாலோ, தாராளமாகப் புது ரூட்டர் வாங்கலாம். இரண்டு அலையும் உள்ளதாக, 'வைஃபை 6' என்று அட்டையில் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

மாட்டும் முறை

1. பழைய பெட்டியின் லேன் துளையிலிருந்து புது ரூட்டரின் 'வான்' துளைக்கு ஒரு ஒயர். பெரும்பாலும் இவ்வளவிலேயே ஓடிவிடும். கம்பெனியிடம் சொல்லிப் பழைய பெட்டியை 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றினால் இன்னும் சுத்தம். ஆனால் அதற்கு முன் உங்கள் யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "போனும் டி.வி.யும் வேலை செய்யுமா?" என்றும் கேளுங்கள்.

2. பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, புதியதற்கு அதே பெயரும் அதே பாஸ்வேர்டும் கொடுத்தால், வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் தானாகவே ஒட்டிக்கொள்ளும். தெருவில் பாதிப் பேருக்கு அந்தப் பாஸ்வேர்டு தெரியும் என்றால், சிரமம் பாராமல் புதிதாகவே வையுங்கள்.

3. ரூட்டரின் உள்ளே நுழைய 'அட்மின்' பாஸ்வேர்டு என்று தனியாக ஒன்று உண்டு. அதை முதல் நாளே மாற்றுங்கள். மாற்றாமல் விடுவது, புதுப் பூட்டு வாங்கிச் சாவியை அதிலேயே தொங்கவிடுவது போல. வைஃபைக்கு டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 காவல் இருக்கட்டும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

4. அடாப்டர்களை மாற்றிச் சொருகாதீர்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்று 9 வோல்ட்டாக இருக்கும், மற்றது 12 வோல்ட்டாக இருக்கும்.

குழந்தைகள் இருக்கும் வீடா?

கழற்றிய ஃபைபர் ஒயரின் நுனியைக் குழந்தைகள் கண்ணருகே கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று அர்த்தமல்ல.

"ரூட்டர் அலை கைக்குழந்தைக்குக் கெடுதல் இல்லையா?" என்று இளம் தாய்மார்கள் கேட்பதுண்டு. ரூட்டரின் சக்தி மிகக் குறைவு. தள்ளிப் போகப் போக வேகமாகக் குறைந்தும் விடும். காதோடு ஒட்டிப் பேசும் செல்போனிலிருந்து படுவதே அதிகம். ஆனாலும் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒயரும் பிளக்கும் எதற்கு? சற்றுத் தள்ளியே வையுங்கள்.

இன்னொன்று. அந்தக் காலத்துத் தாமிரக் கம்பி போன் மின்சாரம் போனாலும் பேசும். அதற்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. ஃபைபர் வழிப் போன் அப்படியில்லை. வீட்டுப் பெட்டி அணைந்தால் போனும் அணைந்துவிடும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்று கட்டாயம் வேண்டும். கம்பெனிப் பெட்டிக்கும் ரூட்டருக்கும் இரண்டுக்குமே போதுமா என்று கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் என்ன செய்தோம் என்கிறீர்களா? பரணில் வைத்திருந்த கம்பெனிப் பெட்டியை இறக்கி, லைன்மேனைக் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி மாட்டினோம். அதன் பக்கத்தில் ஒரு சாதாரண ரூட்டர். வேகமும் இருக்கிறது, போனும் இருக்கிறது.

உங்கள் வீட்டில் மாற்றினால், வேகத்தை அப்புறம் பாருங்கள். முதலில் லாண்ட்லைன் போனை எடுத்துக் காதில் வையுங்கள். 'ர்ர்ர்' என்ற அந்தச் சத்தம் கேட்ட பிறகு லைன்மேனை அனுப்புங்கள்.