மண்ணுக்குள் முதிரும் ஒயின்

ஒயின் என்றால் சிவப்பு, வெள்ளை, ரோஸ் என்று மூன்று நிறங்களைத்தான் பலரும் சொல்வார்கள். ஒயின் பிரியர்கள் இப்போது ஆர்வத்தோடு தேடுவது நான்காவதை. ஆரஞ்சு ஒயின், ஆம்பர் ஒயின் என்று இதற்கு இரண்டு பெயர்கள். ஆரஞ்சுப் பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நேயர்களே! நிறத்தால் வந்த பெயர்.

இதன் பூர்வீகம் காக்கசஸ் மலைநாடான ஜார்ஜியா. வழக்கமாக வெள்ளை ஒயினுக்குத் திராட்சையைப் பிழிந்ததும் தோலை அகற்றிவிடுவார்கள். ஜார்ஜியாவின் ககேத்தி பகுதியிலோ, பச்சைத் திராட்சையின் சாறு, தோல், விதை, காம்பு எல்லாவற்றையும் சேர்த்தே ‘க்வெவ்ரி’ என்னும் மண் தாழியில் கொட்டுகிறார்கள். முட்டை வடிவம், கூரான அடி, உட்புறம் தேன்மெழுகுப் பூச்சு. தாழி கழுத்துவரை மண்ணில் புதைந்திருப்பதால் வெப்பம் சட்டென்று ஏறாது, இறங்காது. நொதித்து அடங்கியதும் வாயை இறுக மூடி, ஐந்தாறு மாதம் அப்படியே விட்டுவிடுவார்கள். விதைகள் கூரான அடியில் போய்த் தங்கிவிடும். தோல் தன் நிறத்தையும் சாரத்தையும் ஒயினில் இறக்கிவிடும். அதனால், பால் கலக்காத தேநீரைப் போல இதில் ஒரு துவர்ப்பு.

ஜார்ஜியாவில் கிடைத்த சுமார் 8,000 ஆண்டுப் பழமையான பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் தடயம் இருப்பதை ஆய்வாளர்கள் 2017-இல் அறிவித்தார்கள். க்வெவ்ரி முறையை யுனெஸ்கோ 2013-இலேயே மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அங்கீகரித்துவிட்டது. இத்தாலியின் ஒயின் தயாரிப்பாளர் யோஷ்கோ கிராவ்னர் 2001-இல் இதே தாழிகளை மண்ணில் புதைத்து ஒயின் செய்யத் தொடங்க, மேற்கு ஐரோப்பாவின் கவனமும் இந்தப் பக்கம் திரும்பியது.