புலிக் காடுகளில் பரவும் உண்ணிச்செடி: வெட்டினாலும் அழியாதது ஏன்?

வண்ணப் பூக்கொத்துகளுக்காக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, இன்று புலிகள் வாழும் காடுகளுக்குப் பெரும் அச்சுறுத்தலாக மாறியுள்ளது. லண்டானா எனப்படும் இச்செடியின் தாயகம் மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளாகும். புலிகளின் வாழிடமான இந்தியக் காடுகளில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட பரப்பில், அதாவது 1.54 லட்சம் சதுர கிலோ மீட்டரில் இது பரவியிருப்பதாக, இந்திய வன உயிரின நிறுவன ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை தெரிவித்தது.

புலியை இச்செடி நேரடியாகத் தாக்குவதில்லை. பாதிப்பு புல்லில் தொடங்குகிறது. ஆள் உயரத்தையும் தாண்டி அடர்ந்து வளரும் புதர், வெயில் தரையில் விழாமல் தடுக்கிறது. அதனடியில் புற்களும் மரக்கன்றுகளும் தழைப்பதில்லை. இலைகளில் உள்ள நச்சு கல்லீரலைப் பாதிக்கக்கூடியது என்பதால் மான் போன்ற மேயும் விலங்குகள் பெரும்பாலும் இதைத் தவிர்த்துவிடுகின்றன. தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் காடு பசுமையாகவே தோன்றும். ஆனால் மானுக்கு அங்கே உணவில்லை. மான் குறைந்தால் புலிக்கு இரை குறையும். தீவனம் தேடும் விலங்குகள் காட்டையொட்டிய வயல்களில் நுழைந்தால் விவசாயிகளுக்கும் இழப்பு ஏற்படுகிறது.

தண்டை மட்டும் வெட்டினால் அடிப்பகுதியிலிருந்து பல கிளைகள் துளிர்க்கின்றன. தீ வைத்தாலும் மீண்டும் முளைக்கிறது. பழங்களை உண்ணும் பறவைகளோ விதைகளைப் புதிய இடங்களுக்குக் கொண்டு செல்கின்றன.

இதற்குத் தீர்வாக, தில்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் கார்பெட் புலிகள் காப்பகத்தில் எளிய முறை ஒன்றைக் கையாண்டனர். மண்ணுக்குக் கீழே சில சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுவதே அந்த முறை. மண் அதிகம் கிளறப்படாததால், புதைந்திருக்கும் விதைகள் முளைக்கும் வாய்ப்பும் குறைகிறது.

எனினும், பணி அத்துடன் முடிவதில்லை. பறவைகள் வந்தமரும் மரங்களின் கீழ் முளைக்கும் கன்றுகளைத் தொடர்ந்து களைய வேண்டும். வெற்றிடத்தில் உள்ளூர்ப் புல் வகைகளை வளர்த்தெடுக்க வேண்டும். இல்லையெனில் உண்ணிச்செடியோ, வேறொரு களையோ அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கர்நாடகத்தின் மலை மாதேஸ்வரா மலைப் பகுதியில் சோலிகா பழங்குடியினர் இதன் தண்டுகளைக் கொண்டு நாற்காலி உள்ளிட்ட பொருள்களைச் செய்கின்றனர். அவர்களுக்கு இது வருவாய் தரும் நல்ல முயற்சியே. ஆனால், தண்டை மட்டும் எடுத்து வேரை விட்டுவிட்டால் அடுத்த மழைக்கே புதர் மீண்டும் தழைத்துவிடும்.