மீனுக்கு முன் பாக்டீரியாவைக் குடியேற்றுங்கள்

சைனாடவுன் கடைவீதியில் நடந்தால் கடைகளிலும் உணவகங்களிலும் மீன் தொட்டிகள் கண்ணில் படும். மாண்டரின் மொழியில் மீனுக்கும் மிகுதிக்கும் ஒரே ஒலிதான்: ‘யூ’. அதனால் மீன் செழிப்பின் அடையாளமாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் ஒரு நன்னீர்த் தொட்டி வைக்க ஆசையா, மாணவர்களே?

புதிதாகத் தொடங்குவோர் பலர் தொட்டி, கூழாங்கல், பத்துப் பதினைந்து மீன்கள் என அனைத்தையும் ஒரே நாளில் வாங்கி வந்துவிடுகிறார்கள். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். ஆனால், ஒன்றிரண்டு வாரங்களில் மீன்கள் ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கும். நோயில்லை, பட்டினியும் இல்லை. பிறகு ஏன்?

தெளிந்த நீரில் நஞ்சு

மீன் உணவில் புரதம் இருக்கிறது; புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. நம் உடல் கழிவு நைட்ரஜனை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. மீனோ அதன் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள்கள் வழியே வெளியேற்றுகிறது. ஆற்றில் அது கரைந்து பரவிவிடும். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள தொட்டி கொள்வது 54 லிட்டர்தான். அங்கே அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும், செவுள்களைப் புண்ணாக்கும்.

நீரின் பிஎச் அளவையும் கவனிக்க வேண்டும். 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. பிஎச் 8 என்றால் அது ஏறத்தாழ 6.5 விழுக்காடு.

துப்புரவுப் பணியாளர்கள்

இயற்கையில் இந்தக் கழிவை அகற்றுபவை பாக்டீரியாக்கள். ரஷ்ய அறிவியலாளர் செர்கே வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் இவற்றை மண்ணிலிருந்து பிரித்தெடுத்து ஆராய்ந்தார்.

முதல் கட்டத்தில் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான். அது இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை மாற்றிவிடுவதால் உயிர்வாயுவைச் சுமக்க முடியாமல் போகிறது; மீன் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறுகிறது. இரண்டாம் கட்டத்தில் நைட்ரைட், தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாகிறது. மீன் தொட்டிகளில் இந்த வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. அது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவை பெரும்பாலும் வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் ஒட்டி வாழ்கின்றன. நல்ல சூழலில் ஈகோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். இவற்றுக்கோ பல மணி நேரம், சில வேளைகளில் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். புதுத் தொட்டிக்கு நான்கு முதல் ஆறு வாரம் தேவைப்படுவது இதனால்தான்.

குழாய் நீரைக் கவனியுங்கள்

“தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்தால் போதும்” என்று பெரியவர்கள் சொல்லலாம். குளோரின் மட்டும் கலந்த நீருக்கு அது பொருந்தும். சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய் நீரைக் குளோரமின் கொண்டு தூய்மைப்படுத்துகிறது. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த இந்தப் பொருள் எளிதில் ஆவியாகாது. மீனின் செவுளுக்கும் கேடு, நல்ல பாக்டீரியாவுக்கும் கேடு. ஆகவே, மீன் கடையில் விற்கும் நீர்ப் பக்குவ மருந்தைச் சேர்க்க வேண்டும். அம்மோனியாவையும் செயலிழக்கச் செய்யும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள்; தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள்.

தொடங்கும் முறை

பக்குவப்படுத்திய நீரை நிரப்பி, வடிகட்டியை இரவு பகலாக ஓடவிடுங்கள். மீன் இல்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். அதுவே பாக்டீரியாவின் உணவு. நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய பஞ்சுத் துண்டு கிடைத்தால் காத்திருப்பு குறையும்.

சோதனைக் கருவியால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நீரைச் சோதியுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாகி, நைட்ரேட் தென்பட்டால் தொட்டி தயார். பாதி நீரை மாற்றிவிட்டு, ஐந்தாறு சிறு மீன்களை மட்டும் விடுங்கள். தெற்காசிய ஆறுகளைச் சேர்ந்த வரிக்குதிரை மீன் தாக்குப்பிடிக்கக்கூடியது. நம் வட்டாரத்து ஹார்லிகுவின் ரஸ்போராவை அடுத்த தொகுதியாகச் சேர்க்கலாம். இரண்டுமே கூட்டமாக வாழ்பவை. சண்டை மீனில் ஆண் ஒன்றுக்கு மேல் கூடாது. இரண்டு வாரம் கழித்தே அடுத்த தொகுதி. கூடுதல் கழிவுக்கு ஏற்பப் பாக்டீரியாவும் பெருக வேண்டுமல்லவா?

நம் வெப்பநிலைக்கு நீர்ச்சூடேற்றி தேவையில்லை. ஆனால், 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8.3 மில்லிகிராம் உயிர்வாயு கரையும். 30 டிகிரியில் 7.6தான். எனவே, நீரின் மேற்பரப்பு எப்போதும் அசைந்துகொண்டிருக்கட்டும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுங்கள். இடையில் அம்மோனியா தென்பட்டால் உடனே பாதி நீரை மாற்றி, உணவைக் குறையுங்கள்.

வளர்க்க முடியாமல் போனால் மீனை நீர்த்தேக்கத்தில் விடாதீர்கள். தென்னமெரிக்காவின் மோட்டோரோ திருக்கை இங்குள்ள நீர்த்தேக்கத்தில் பெருகிவிட்டது. அனுமதியின்றி உயிரினங்களை விடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கடையிலோ நண்பரிடமோ கொடுத்துவிடுங்கள்.

சோதனை அளவுகளை நாள்வாரியாக வரைபடத்தாளில் குறித்து வாருங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட், கடைசியில் நைட்ரேட் உயரும். “வெறும் தொட்டிக்கு எதற்கு மின்சாரம்?” என்று வீட்டில் கேட்டால், அந்த வரைபடத்தைக் காட்டுங்கள்.